கூடக் காய்க்கிற கச்சானா, கூடக் கைக்கு வருகிற கச்சானா?



லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர்களும், தோட்டத்துக்கு வெளியே வெல்லவாய, புத்தல, மொனராகலைப் பக்கம் காணி குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்களும் எம்மைக் கண்டவுடன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கச்சான் போடலாமுன்னு இருக்கோம். எந்த இனம் நல்லதுங்க?"

முன்பெல்லாம் நாம் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவோம். "எது கூடக் காய்க்குதோ அதைப் போடுங்க." இப்போது அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பதிலைச் சொல்லி ஒரு குடும்பத்தை நாமே நட்டப்பட வைத்திருக்கிறோம்.

ஊவாவில் கீழ்ப்பக்கத்துத் தோட்டம் ஒன்று. அந்த அம்மா கொழுந்து எடுப்பவர். கணவருக்கு இடுப்பு வலி, மலைக்குப் போக முடியாது. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேயிலை பிடுங்கி விட்டு வெறுமனே கிடந்த அரை ஏக்கர் அளவான நிலம் அவர்கள் கையில் இருந்தது. காதுத் தோட்டை அடகு வைத்து, டவுனில் கிடைத்ததிலேயே பெரிய பருப்புள்ள கச்சானை விதைக்கு வாங்கினார்கள். "பருப்பு பெருசுங்க, நிறுவையும் நல்லாத்தான் வரும்" என்று அந்த அம்மா சொன்னார். நாமும் தலையை ஆட்டினோம்.

செடி பார்க்க அழகாக வந்தது. இலை பச்சைப் பசேலென்று இருந்தது. பிடுங்கிய அன்றைக்குத்தான் விசயம் தெரிந்தது. காய் ஒவ்வொன்றும் பெரிதுதான், ஆனால் அமுக்கினால் 'டப்' என்று உடைந்தது. பாதிக்கு மேல் பொக்கு, உள்ளே பருப்பு இல்லை. நாம் அதைக் கெட்ட காலம் என்று சொல்லி ஆறுதல்படுத்தப் பார்த்தோம். ஆனால் பின்னால் வந்து பார்த்த விவசாயப் போதனாசிரியர், மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உதிர்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டொலமைட் போட்டீங்களா?" போடவில்லை. போடவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நாமும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு எப்படி ஒப்பிடுவது என்பதை நாமே உட்கார்ந்து படித்தோம். படித்ததைத்தான் இந்தப் பாடத்தில் தருகிறோம். நுவரெலியா, தலவாக்கலை போன்ற குளிர் கூடிய மேல்மலைத் தோட்டங்களில் கச்சான் சரியாக விளையாது. அது வெப்பம் கேட்கிற பயிர். ஆனாலும் அங்கே இருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அளக்கிற முறை போஞ்சிக்கும் கிழங்குக்கும் ஒன்றுதான்.

தராசு எதை நிறுக்கிறது?

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மழை நாளில் ஈரத்துக்கு என்று கழிப்பார்கள், சாக்குக்கு என்று கழிப்பார்கள். அந்தக் கழிவு நியாயமா இல்லையா என்பது வேறு கதை, அதை இங்கே எழுத இடம் போதாது. ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. தராசில் ஏறுகிற நிறை எல்லாமே தேயிலை ஆவதில்லை. 100 கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்தி எடுத்தால் 21, 22 கிலோ தேயிலைத்தூள்தான் வரும். மீதி எல்லாம் தண்ணீர், ஆவியாகப் போய்விடும்.

எண்ணெய் தருகிற பயிர்களிலும் இதே கதைதான். தென்னையை எடுங்கள். செவ்விளநீர் மரத்தில் குலை குலையாகக் காய்க்கும். எண்ணிப் பார்த்தால் நெட்டைத் தென்னையை விடக் கூடத்தான் இருக்கும். ஆனால் அதை முற்றவிட்டுக் கொப்பரை போட யாராவது நினைப்பார்களா? பருப்பு மெலிசு, காய்ந்தால் தோல் மாதிரி வளையும். குடிக்க அது, எண்ணெய்க்கு நெட்டைத் தென்னை. காயின் எண்ணிக்கை ஒரு கணக்கு, எண்ணெய் இன்னொரு கணக்கு.

கச்சானில் இந்தக் கணக்குக்கு மூன்று படி இருக்கிறது. முதல் படி காய்ந்த காயின் நிறை. இரண்டாம் படி, அதைக் கோது உடைத்தால் கிடைக்கிற பருப்பின் நிறை. நல்ல இனத்தில், நன்றாக முற்றிய காயில், 100 கிலோ காய்க்கு 70 முதல் 75 கிலோ வரை பருப்பு வரும். கோது தடித்த இனத்தில், அல்லது பொக்கு விழுந்த காயில், 60 கிலோ வருவதே பாடு. மூன்றாம் படி, அந்தப் பருப்பில் உள்ள எண்ணெய். கச்சான் பருப்பில் பொதுவாக 100க்கு 45 முதல் 50 பங்கு எண்ணெய் உண்டு. புரதம் 25 பங்கு அளவில் இருக்கும்.

கணக்குக்காக இரண்டு இனத்தை வைத்துக்கொள்வோம். ஒரே அளவு நிலத்தில் முதலாவது இனம் 20 கிலோ காய் கொடுக்கிறது, இரண்டாவது 18 கிலோ. முதலாவதுதான் நல்லது என்று பிரட்டுக்களத்தில் எல்லோரும் கை தூக்கிவிடுவார்கள். இப்போது கோதை உடைப்போம். முதலாவதில் 100க்கு 62 பருப்பு, ஆக 12 கிலோ 400 கிராம். இரண்டாவதில் 100க்கு 74, ஆக 13 கிலோ 320 கிராம். தோற்றது முந்திவிட்டது. எண்ணெயையும் பார்ப்போம். முதலாவதில் 100க்கு 44 என்றால் ஐந்தரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இரண்டாவதில் 49 என்றால் ஆறரைக் கிலோ. செக்கில் ஆட்டினால் இது முழுவதும் வராது, கொஞ்சம் பிண்ணாக்கில் தங்கிவிடும். ஆனாலும் எது முன்னால், எது பின்னால் என்பது மாறாது.

இரண்டு கிலோ காய் கூட எடுத்தவர், கடைசியில் ஒரு கிலோ எண்ணெய் குறைத்து எடுக்கிறார். சொல்லிக் காட்டினால் நம்ப மாட்டார்கள், நிறுத்துக் காட்டினால்தான் நம்புவார்கள்.

விதைக்குப் போகிற காசு

பருப்பு பெரிதாக இருந்தால் சந்தையில் நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதே பெரிய பருப்பைத்தானே விதையாகவும் வாங்க வேண்டும்! இதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் விட்டு நட்டால், ஒரு பேர்ச்சஸ் நிலத்துக்கு 375 விதை வரை தேவைப்படும். ஐந்து பேர்ச்சஸுக்கு 1,875. சின்னப் பருப்பு இனம் ஒன்றில் 100 பருப்பு 35 கிராம் நிறுக்கும் என்றால், இந்த ஐந்து பேர்ச்சஸுக்கு 650 கிராம் விதையே கிட்டத்தட்டப் போதும். 100 பருப்பு 80 கிராம் நிறுக்கிற பெரிய இனம் என்றால் ஒன்றரைக் கிலோ வேண்டும். செடியின் எண்ணிக்கை ஒன்றுதான். விதைக்குப் போகிற காசு இரண்டு மடங்குக்கு மேல். முளைக்காமல் போகிறதற்காகக் கொஞ்சம் கூட வாங்குவோம் இல்லையா, அதற்கும் இந்த இரண்டு மடங்கு பொருந்தும்.

நாள் கணக்கும், விதையின் தூக்கமும்

கச்சானில் இரண்டு பெரிய குடும்பம் இருக்கிறது. ஒன்று குத்தாக நிமிர்ந்து வளர்வது. 90 முதல் 110 நாளில் முற்றும். இதில் ஸ்பானிஷ் என்று சொல்லப்படுகிற வகையில் காய்க்கு இரண்டு பருப்பு, வலென்சியா என்கிற வகையில் மூன்று நான்கு. மற்றக் குடும்பம் வெர்ஜீனியா. கிளை கூடப் பரவும், பருப்பு பெரிது, 120 நாளுக்கு மேலும் நிற்கும். நீங்கள் குத்தகைக்கு எடுத்த காணி என்றால், 100 நாளில் முடிவதற்கும் 130 நாளில் முடிவதற்கும் நடுவே ஒரு மாதச் சோறு இருக்கிறது. மழை முன்னாலேயே நின்றுவிட்டால் அந்த ஒரு மாதத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? பெரும்போகத்தில் இந்தக் கேள்வி சின்னதாகத் தெரியும், சிறுபோகத்தில் இதுதான் முழுக் கேள்வியும்.

ஆனால் குறுகிய காலத்து இனத்துக்கும் ஒரு குறை உண்டு. அதன் விதைக்குத் தூக்கம் கிடையாது. வெர்ஜீனியா வகை விதை முற்றிய பிறகும் சில வாரம் தூங்கும், ஈரம் பட்டாலும் உடனே முளைக்காது. ஸ்பானிஷ் வகை அப்படியல்ல. முற்றிய நேரத்தில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால், பிடுங்க முந்தியே மண்ணுக்குள் முளைத்துவிடும். முளைத்த பருப்பை யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே ஐப்பசி மழையோடு போட்டு, தை மாதம் மழைக்குள்ளேயே பிடுங்க வேண்டிவருகிற இடங்களில், அறுவடை நாள் எந்த வாரத்தில் விழும் என்று விதைக்கிற அன்றைக்கே எண்ணிப் பார்க்க வேண்டும். முற்றிவிட்டதா என்று அறிய, நாலைந்து செடியை அங்கங்கே பிடுங்கிக் காயைப் பிளந்து பாருங்கள். கோதின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் இன்னும் இளசு; கரும்பழுப்பாகிவிட்டால் முற்றியது. பத்துக் காயில் ஏழு அப்படியிருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடக் கூடாது.

அந்த அம்மாவின் பொக்குக் காய்

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தோட்டத்து மண்ணில் கச்சான் செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான விசயம் இல்லை.

கச்சான் பூப்பது மேலே, காய்ப்பது கீழே. விதைத்து 25, 30 நாளில் மஞ்சள் பூ வரும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒன்று நீண்டு மண்ணுக்குள் இறங்கும். அந்த ஊசியின் நுனிதான் காயாகிறது. மண்ணுக்குள் போன காய், பருப்பு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை, அதாவது கல்சியத்தை, வேரிலிருந்து வாங்குவதில்லை. தன்னைச் சுற்றியிருக்கிற மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்கிறது. வேர் எவ்வளவு ஆழம் போயிருந்தாலும், காய் கிடக்கிற அந்த நாலு அங்குல மேல்மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லையென்றால் காய் பொக்குத்தான்.

தேயிலை விரும்புவது புளிப்பு மண். அதனால்தான் தேயிலை நன்றாக வருகிற மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைவு. பல வருடம் தேயிலை நின்று, உரம் போட்டுப் போட்டு அந்தப் புளிப்பு இன்னும் கூடியிருக்கும். கவ்வாத்துக் காலத்தில் மலைக்கு டொலமைட் தூவுவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள், தூவியும் இருப்பீர்கள். மூட்டை தூக்கியவருக்குத் தோள் வெள்ளையாகும். அதே டொலமைட்தான் கச்சானுக்கும் வேண்டும்; விதைக்க முந்தியே மண்ணில் கலந்துவிட வேண்டும், ஏனென்றால் அது மெதுவாகத்தான் கரையும். பூக்கிற நேரத்தில் செடியடியில் ஜிப்சம் போட்டால் அது சீக்கிரம் கரைந்து காய்க்குக் கிடைக்கும். எவ்வளவு என்பதை மண்ணைப் பரிசோதித்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். எல்லா மலைக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது.

இப்போது இனத்துக்கு வருவோம். பெரிய பருப்பு இனத்துக்கு இந்தச் சத்து கூடத் தேவை. சின்னப் பருப்பு இனம் ஏழை மண்ணிலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஆக, அந்த அம்மாவின் நிலத்தில் சின்ன இனம் போட்டிருந்தால் இவ்வளவு நட்டம் வந்திருக்காது. வாங்கிய விதை கெட்ட விதையே இல்லை. நல்ல மண்ணில் அது வாரி வழங்கியிருக்கும். அந்த மண்ணுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். வீ.பி. தேயிலையையும் பழைய விதைத் தேயிலையையும் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொள்வார்களே, அது போலத்தான். வீ.பி.யில் கொழுந்து கூட. ஆனால் நல்ல கோடையில் ஆணிவேர் விட்ட விதைத் தேயிலை நின்றுபிடிக்கும்.

யாருக்கு விற்கப் போகிறோம்?

இந்தியாவில் கச்சானைப் பெருமளவு எண்ணெய்க்கு ஆட்டுகிறார்கள். நம் நாட்டில் சமையலுக்குத் தேங்காயெண்ணெய் இருப்பதால், கச்சான் அநேகமாக வறுத்தும் அவித்தும் தின்னத்தான் போகிறது. திருவிழாவில், பஸ் ஸ்டாண்டில், கடதாசிச் சுருளில் விற்கிறார்களே அந்தக் கச்சான். தின்கிறவருக்கு எண்ணெய் கூடியிருப்பது பெரிய சிறப்பல்ல. பருப்பு ஒரே அளவாக இருக்கிறதா, தோல் நிறம் நல்லதா, கசப்பில்லையா என்றுதான் பார்ப்பார். ஆகவே எண்ணெய் அளவு ஒரு பங்கு இரண்டு பங்கு கூட என்று யாராவது சொல்லி விதையை விலை கூட்டி விற்றால், "எங்களுக்கு அது எதுக்குங்க?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். செக்குக்காரருக்கு விற்பவர் மட்டும் அதைப் பார்த்தால் போதும்.

எண்ணெயின் அளவு மட்டுமல்ல, அதன் குணமும் இனத்துக்கு இனம் மாறும். வறுத்த கச்சான் சில நாளில் காறல் வாடை அடிப்பதற்குக் காரணம், அதில் உள்ள லினோலெயிக் என்கிற கொழுப்பமிலம் காற்றுப் பட்டுக் கெடுவது. ஒலெயிக் என்கிற இன்னொன்று கூடி, லினோலெயிக் குறைந்தால் நெடுநாள் கெடாது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில், ஒலெயிக் 100க்கு 80 அளவில் உள்ள கச்சான் ஒன்று இருப்பதை 1987இல் அறிவித்தார்கள். சாதாரண கச்சானில் அது பாதியைச் சுற்றியே இருக்கும். இந்தியாவில் கிர்னார் 4, கிர்னார் 5 என்று இதே குணமுள்ள இரண்டு இனங்களை 2020இல் வெளியிட்டார்கள். கடைக்குப் பொட்டலம் போட்டு அனுப்புகிறவருக்கு இது பெரிய லாபம். பிடுங்கி அந்த வாரமே அவித்து விற்கிற நமக்கு அவ்வளவு அவசரமில்லை.

பழைய இனம் ஒன்றின் கதை

தமிழ்நாட்டில் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் 1940ஆம் ஆண்டு டி.எம்.வி. 2 என்ற இனத்தை வெளியிட்டார்கள். குடியாத்தம் பக்கத்துக் குத்துக் கடலையிலிருந்து தெரிந்தெடுத்தது. 105 நாள் அளவில் முற்றும், ஸ்பானிஷ் வகை. அதன் பிறகு எத்தனையோ புது இனம் வந்தது, ஆராய்ச்சி நிலையத்தில் கூட விளைந்தது. ஆனால் ஆந்திராவில் மழை குறைந்த அனந்தபூர் மாவட்டத்து மக்கள் அறுபது வருடத்துக்குப் பிறகும் டி.எம்.வி. 2ஐ விடவில்லை. முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கோது மெலிசு, 100 கிலோ காயில் 75 கிலோ அளவுக்குப் பருப்பு வரும். விதை எங்கேயும் கிடைக்கும். மழை பொய்த்த வருடத்திலும் கையை முழுக்க விரிக்காது. கூடக் காய்ப்பதை விட மோசமான வருடத்தில் எவ்வளவு காய்க்கும் என்பதுதான் கடன் வாங்கி விதைக்கிறவருக்கு முக்கியம்.

அந்த மாவட்டத்துக்கு 2006இல் ஐ.சி.ஜி.வி. 91114 என்ற இனம் வந்தது. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் உருவாக்கியது. டி.எம்.வி. 2ஐ விடச் சில நாள் முந்தி முற்றும், வரட்சியைத் தாங்கும். இன்னுமொன்று, காய் பிடுங்கிய பிறகு மிஞ்சுகிற செடியை மாடு நன்றாகத் தின்றது, பாலும் கூடக் கொடுத்தது. விளைச்சல் என்று நாம் சொல்லும்போது இந்தக் கொடியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. லயத்தில் ஒரு பசு வைத்திருக்கிற வீட்டுக்கு அது சும்மா தூக்கிப் போடுகிற குப்பையா? இலைநோய் வந்து அறுவடைக்கு முந்தியே இலை கொட்டிவிடுகிற இனத்தில் மாட்டுக்குக் குச்சிதான் மிஞ்சும். ஒப்பிடும்போது இதையும் பாருங்கள்.

நமது நாட்டில் விவசாயத் திணைக்களம் திஸ்ஸ, வளவ, இந்தி என்ற பெயர்களில் கச்சான் இனங்களைத் தந்திருக்கிறது. லங்கா ஜம்போ என்பது பெயருக்கேற்றபடி பருப்பு பெரிய இனம். இவற்றில் எது நல்லது என்று எம்மிடம் இனிமேல் கேட்டால், உங்கள் மண் என்ன மண், எத்தனை நாள் நிலம் கையில் இருக்கும், யாருக்கு விற்பீர்கள் என்று திருப்பிக் கேட்போம். கோபிக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

ஐந்து பேர்ச்சஸ் போதும். முழுவதையும் ஒரே இனத்துக்குக் கொடுக்காமல் இரண்டு இனம் போடுங்கள். மேல்பாதியில் ஒன்று, கீழ்பாதியில் ஒன்று என்று போட்டால் சரிவராது. மலை நிலத்தில் உரமும் ஈரமும் கீழேதான் இறங்கும், கீழே போட்டது எதுவானாலும் ஜெயிக்கும். ஆறு சின்னப் பாத்தியாகப் பிரித்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே நாளில் விதையுங்கள், ஒரே இடைவெளி விடுங்கள், ஒன்றுக்கு மட்டும் கூடச் சாணி போட்டுச் செல்லம் கொடுக்காதீர்கள். ஓரத்து வரிசைச் செடிகளுக்கு வெயிலும் இடமும் கூடக் கிடைக்கும், ஆகவே நிறுக்கும்போது ஓரத்து வரிசையை விட்டுவிடுங்கள்.

பிடுங்கிய அன்றைக்கு ஈரத்தோடு நிறுக்கக் கூடாது. ஈரத்தின் கதை உங்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே படங்கில் ஒரே நாள் கணக்குக்குக் காயவைத்து, காதுக்குப் பக்கத்தில் ஆட்டினால் பருப்பு கலகலவென்று கேட்கும்போது நிறுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ காயை, நல்லது பொக்கு என்று பொறுக்காமல் அப்படியே அள்ளி, பிள்ளைகளை உட்காரவைத்துக் கோது உடைத்துப் பருப்பை நிறுங்கள். 100 பருப்பை எண்ணித் தனியே நிறுங்கள். விதைத்த திகதி, பூத்த திகதி, பிடுங்கிய திகதி, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு போகத்துப் பேறை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் அடுத்த போகமும் செய்யுங்கள். நல்ல மழை வருடத்தில் எல்லா இனமும் நல்ல இனம்தான்.

காயவைப்பதில் அவசரம் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது, தீனியில் கலந்த கச்சான் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து உண்டாக்கிய நஞ்சு என்று தெரியவந்தது. அதுதான் அஃப்ளடொக்சின். 2021 மார்ச் மாதத்தில் நம் நாட்டுக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இருந்ததாகப் பெரிய பேச்சு அடிபட்டதே, அதே நஞ்சு. ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரவைக்கும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. கடைசி வாரங்களில் கடும் வெயில் அடித்து செடி வாடினாலும், பிடுங்கிய பிறகு ஈரத்தோடு குவித்து வைத்தாலும் இது வரும். பூஞ்சணம் பிடித்த பருப்பை, நிறம் மாறியதை, சுருங்கியதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். "வீணாப் போகுதே"ன்னு பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுப்பது அதைவிட மோசம்.

அந்த அம்மா அடுத்த பெரும்போகத்தில் அதே நிலத்தில் டொலமைட் போட்டு, சின்னப் பருப்பு இனத்தை முக்கால் பங்கிலும், பழைய பெரிய இனத்தைக் கால் பங்கிலும் போட்டார். "ரெண்டையும் பாத்துக்கிட்டா என்னாங்க, காசு அதே காசுதானே" என்றார். பெரிய இனத்தில் பொக்கு இருந்தது, ஆனால் முன்னைப் போல இல்லை. தோடு மீட்க இன்னொரு போகம் பிடித்தது.

கச்சான் தன் பூவின் மகரந்தத்தையே எடுத்துக்கொள்கிற பயிர் என்பதால், கலப்பின சோளம் மாதிரி வருடா வருடம் விதை வாங்க வேண்டியதில்லை. உங்கள் பாத்தியில் நன்றாகக் காய்த்த, நோயில்லாத செடிகளைப் பிடுங்குகிற நாளிலேயே தனியே கட்டி வையுங்கள். இரண்டு இனத்தையும் கலந்துவிடாமல் பெயர் எழுதி ஒட்டுங்கள். கோது உடைக்காமல் நன்றாகக் காயவைத்து, நிலத்தில் படாமல், புகைக்கூண்டுப் பக்கமாக இல்லாமல் காற்றுப் படுகிற இடத்தில் தொங்கவிட்டு, விதைக்கிற வாரத்தில் மட்டும் கையால் உடையுங்கள். சிவப்புத் தோல் உரிந்த பருப்பு சரியாக முளைக்காது, அதைச் சட்டினிக்கு எடுத்துக்கொள்ளலாம்.